தேசிங்கு ஏன் ஒத்துக்கொண்டான்?

துப்பறியும் தொடர் எழுத வந்திருக்கும் பிள்ளைகளே, நீங்கள் என்னைப் பார்க்க வரும்போது, கொலைகாரனை எந்தக் காட்சியில் காட்டிக்கொடுக்க வேண்டும் என்றுதான் முதலில் கேட்கிறீர்கள். அதற்கு என்னிடம் பதில் உண்டு. ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடுவேன். ஆனால் கடைசிக் காட்சியில் அவன் ஏன் வாயைத் திறந்து ஒத்துக்கொள்கிறான் என்று உங்களில் ஒருவர்கூட இதுவரை கேட்டதில்லை. என்னிடம் அதைக் கேட்டவர் ஒரு நடிகர். அவர் கேட்டதால் என்ன ஆனது என்று சொல்கிறேன். கேட்ட பிறகு உங்கள் வேலை சுலபமாகிவிடாது. முன்னைவிடக் கஷ்டமாகக்கூட ஆகலாம்.

நான் சாந்தோமில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூட ஆசிரியர்கள். அறுபதுகளின் கடைசியில் டைப்ரைட்டிங் ஹையர் முடித்த கையோடு, சைதாப்பேட்டையில் கிரிமினல் வழக்கு நடத்தும் ஒரு வக்கீலிடம் வேலைக்குச் சேர்ந்தேன். கட்சிக்காரர்கள் சொல்லச் சொல்ல நான் அடிக்க வேண்டும். அவர்கள் அழுதுகொண்டும் உளறிக்கொண்டும் சொல்வதை நான் நல்ல தமிழில் திருத்தி அடித்துவிட்டால், வக்கீல் தாளை உருவிக் கிழித்துப் போடுவார். "அவன் உளறினா நீயும் உளறும்மா. நீ அழகு பண்ணினா அது உன் கதை ஆயிடும்" என்பார். அங்கே காதில் விழுந்த பேச்சுகளை வைத்துத்தான் வானொலிக்கு நாடகம் எழுத ஆரம்பித்தேன். எழுபதுகளின் நடுவில் சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தபோது, குற்றக் கதை எழுதுகிற பெண் என்பதே ஒரு விநோதமாக இருந்ததால் என்னைக் கூப்பிட்டார்கள். எழுதவும் வேண்டும், தயாரிக்கவும் வேண்டும். மாதம் ஒரு நாடகம்.

நெருக்கடி நிலை அமலில் இருந்த காலம் அது. நாங்கள் எழுதும் ஒவ்வொரு வரியையும் மேலே ஒருவர் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் நடிகர்கள் கைக்குப் போகும். ஒளிப்பதிவுக்கு ஸ்டூடியோ கிடைக்கிற நாள் தவறினால் அந்த மாதம் நாடகமே கிடையாது. துண்டு துண்டாக எடுத்து ஒட்டவும் வசதியில்லை. தொடங்கினால் முடிவுவரை நடித்துவிட வேண்டும். ஒரு தடவை பிணமாகக் கிடந்தவர் கடைசிக் காட்சியில் தும்மிவிட்டார். மொத்தத்தையும் மறுபடி முதலிலிருந்து எடுத்தோம்.

போலீஸ் விவகாரங்களில் பிழை வராமல் பார்த்துக்கொள்ள, ஓய்வு பெற்ற ஒரு இன்ஸ்பெக்டரை ஆலோசகராக வைத்திருந்தோம். அடையாறில் வீடு. வெள்ளைச் சட்டை, நெற்றியில் மெல்லிய சந்தனக் கீற்று, மெதுவான பேச்சு. ஒத்திகைக்கு வரும்போது எல்லோருக்கும் சேர்த்து முறுக்கு வாங்கி வருவார். இளம் நடிகைகள் வீடு திரும்ப நேரமானால் தானே கூடப் போய் பஸ் ஏற்றிவிடுவார். எனக்கு அவரைப் பிடிக்கும். அவர் சொன்ன வழக்குகளை வைத்து நான் எழுதிய நாடகங்கள் எல்லாமே நன்றாகப் போயின.

அவருடைய சர்வீஸிலேயே அவர் பெருமையாக நினைத்த வழக்கு ஒன்று இருந்தது. அதை ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னார். இருபது வருஷத்துக்கு முந்தி, மாம்பலத்தில் ஒரு விதவை. தெற்கேயிருந்து வந்து நகைக்கடை வைத்த குடும்பம். பிள்ளைகள் கடையில் இருந்த நேரத்தில், வீட்டில் தனியாக இருந்தவளை யாரோ கழுத்தை நெரித்துவிட்டு, போட்டிருந்த நகைகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அன்று மாலை கபாலி கோயிலிலிருந்து அவளை வீட்டில் கொண்டு வந்து விட்டவன், வழக்கமாக வரும் கை ரிக்‌ஷாக்காரன் தேசிங்கு. மறுநாள் பிடித்தார்கள். அன்றைக்கே ஒத்துக்கொண்டான். நகைகள் கடைசிவரை கிடைக்கவில்லை. ஆயுள் தண்டனை. சில வருஷங்களில் சிறையிலேயே காசநோயில் செத்துப்போனான்.

"ஒரு அடிகூட அடிக்கலை ஸ்டெல்லா. அதான் இதுல விசேஷம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

எழுதினேன். பெயர்களை மாற்றினேன். மேலிடத்துக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அடிக்காமல் உண்மையை வரவழைக்கும் போலீஸ்காரர் கதை அந்தச் சமயத்தில் அவர்களுக்குத் தேவையாக இருந்தது.

ஒளிப்பதிவுக்கு முந்தின நாள் மயிலாப்பூரில் ஒரு சபாவின் பின்கட்டில் கடைசி ஒத்திகை. ரிக்‌ஷாக்காரனாக நடித்தவர் வரதன். பகலில் வங்கியில் குமாஸ்தா, மாலையில் சபா மேடைகளில் நடிகர். இதற்காக லீவு போட்டிருந்தார். மேடையில் வேறு யாரோ ஆகிவிடுவார், இறங்கினால் பழைய மயிலாப்பூர் வரதன்தான். ஒத்துக்கொள்ளும் காட்சி வந்ததும் பாதியில் நிறுத்திவிட்டார்.

"மேடம், ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டேளே? இவன் ஏன் ஒத்துக்கறான்? பார்த்த சாட்சி கிடையாது. நகை ஆப்பிடலை. அடிக்கவும் இல்லேங்கறேள். அப்புறம் என்ன வந்தது இவனுக்கு? மூஞ்சில என்னத்தைக் காட்டறதுன்னே நேக்குத் தெரியலை."

"மனசாட்சி வரதன். அப்படித்தானே எழுதியிருக்கேன்?"

"மனசாட்சின்னா காலம்பறவே உறுத்தியிருக்கணுமே! ஏன் மத்தியானம் வரைக்கும் காத்துண்டிருக்கு?"

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். "நல்லாக் கேட்டார். பொம்பளைங்க கிட்ட சொல்ற விஷயம் இல்லையேன்னு நான்தான் ஸ்டெல்லாகிட்ட அதை விட்டுட்டேன். நடிக்கிறவருக்குத் தெரிஞ்சாதானே செய்வார்?" என்று எழுந்தார். ஒரு நாற்காலியை இழுத்து அதில் வரதனை உட்கார வைத்தார். எதிரே தான் உட்கார்ந்தார். கையால் காற்றில் ஒரு கோடு போட்டார்.

"இது சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் பெஞ்சு. பெஞ்சுல அவன் பொண்டாட்டி. இந்தப் பக்கம், இதோ என் காலடியில ஒரு கூடை. கூடையில அவங்க குழந்தை. பால்குடி மறக்காத குழந்தை. காலையிலயே மூணு பேரையும் கூட்டிட்டு வந்துட்டோம். பாலுக்கு அழும் இல்லையா? அழுதது. அந்தப் பக்கம் இவ கதறினா. நான் ஒண்ணுமே பேசலை. பேப்பர் படிச்சிட்டு இருந்தேன். மத்தியானம் ஆச்சு. அழுது அழுது குழந்தையோட சத்தம் கம்மியாயிடுச்சு. சத்தம் கம்மியானப்புறம்தான் அவன் மூஞ்சி மாறிச்சு. 'நான்தாங்க'ன்னான். அடுத்த நிமிஷம் கூடையை அந்தப் பக்கம் அனுப்பிட்டேன்." வரதனின் தோளில் தட்டினார். "அந்த மூஞ்சிதான் சார் நீங்க காட்டணும்."

விதவையாக நடித்த அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போனார். வரதன் நாற்காலியை விட்டு எழுந்து, அது சுடுவதுபோல் தள்ளி நின்றார்.

போலீசிடம் சொன்ன வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது, மாஜிஸ்ட்ரேட்டிடம் சொன்னால்தான் செல்லும். அது வக்கீல் அலுவலகத்தில் தட்டெழுதியவளுக்குத் தெரியாதா? கேட்டேன். "மாஜிஸ்ட்ரேட் முன்னால அவர் மாத்திச் சொல்லலையா சார்?"

"எப்படிச் சொல்வான்? அன்னிக்கும் அவ கைக்குழந்தையோட வெளியே வராந்தாவுல இருந்தா. பக்கத்துல நம்ம ஆளு. அவன் ஒரு தடவை திரும்பிப் பாத்தான், ஒப்பிச்சுட்டான். பின்னால விசாரணையில இல்லைன்னு அழுதான், யார் கேக்கறா?" பிறகு ஏதோ நல்ல விஷயம் ஞாபகம் வந்தவர்போல் சேர்த்துக்கொண்டார். "இன்னிக்கும் அவ என்னைப் பார்த்தா கும்பிடுவா. கன்னியம்மான்னு பேரு. பட்டினப்பாக்கத்துல மீன் விக்கிறா. எங்க வீட்டுக்கு வஞ்சிரம் அவகிட்டத்தான்."

சாப்பாட்டுக்கு விடுகிறேன் என்று சொல்லிவிட்டு நான் வெளியே வந்தேன்.

பட்டினப்பாக்கம் எனக்கு அடுத்த தெரு மாதிரி. நடந்தே போனேன். போகும்போதே மனசுக்குள் நாடகத்தைத் திருத்தி எழுதிவிட்டேன். கூடை, சுவர், பேப்பர் படிக்கும் போலீஸ்காரர், எல்லாம் அப்படியே வரும். நிரபராதி ஒருவனை இப்படித்தான் உள்ளே தள்ளினார்கள் என்று ஊருக்குத் தெரியும். மேலிடம் மறுத்தால் வேலையை விட்டுவிடுவது என்றும் முடிவு செய்துவிட்டேன். அந்த அம்மாளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும், சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். உங்களுக்கும் அப்படி ஒரு நாள் வரும். கோபத்தில் எல்லாமே தெளிவாகத் தெரியும். அந்தத் தெளிவை மட்டும் நம்பிப் பேனாவை எடுக்காதீர்கள்.

வியாபாரம் முடிந்து ஒரு பெண்பிள்ளை பலகையைக் கழுவிக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். பக்கத்தில் ஒரு இளம்பெண் கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"மீனு ஆயிப்போச்சிமா. காலைல வா."

"மீன் வாங்க வரலை. நீங்க கன்னியம்மாவா? தேசிங்குன்னு ஒருத்தரைப் பத்தி..."

அவள் கை நின்றது. என்னைப் பார்க்காமல் இளம்பெண்ணைப் பார்த்தாள். "ஏய், போயி தண்ணி எட்த்துகினு வா. இன்னா வேடிக்க பாத்துகினு நிக்கிற?" பெண் குடத்தோடு போகும்வரை பேசவில்லை. பிறகு, "யாரு நீ? போலீசா?" என்றாள்.

"இல்லைம்மா. டி.வி.ல நாடகம் போடறவ."

எல்லாவற்றையும் சொன்னேன். இன்ஸ்பெக்டர் சொன்ன கதை, நான் எழுதியது, அன்று காலை ஒத்திகையில் கேட்டது. அவள் அழவில்லை. பலகையின் மேல் ஒட்டியிருந்த செதில்களை நகத்தால் பெயர்த்துக்கொண்டே கேட்டாள்.

"கொயந்த அயுதத சொன்னானா?"

"சொன்னார்."

"சிரிச்சிகினே சொன்னானா?"

 

"அதை அப்படியே காட்டலாம்னு இருக்கேன்மா. உங்க வீட்டுக்காரர் செய்யலைன்னு ஊருக்குத் தெரியட்டும்" என்றேன்.

"அவன் செய்யலன்னு யாரு சொன்னது உனுக்கு?"

"அப்ப... செஞ்சாரா?" என்றேன்.

"எனுக்கே தெரியாதுமா" என்றாள் கன்னியம்மாள். "அன்னிக்கி சவாரி போனவன் லேட்டா வந்தான். ஏன்யா லேட்டுன்னு கேட்டேன், மூஞ்ச திருப்பிகினு படுத்துட்டான். விடிஞ்சதும் போலீசு வந்து எங்கள இட்டுகினு பூட்ச்சி. அப்பால அவனாண்ட தனியா ஒரு வார்த்த பேசல நானு. ஜெயில்ல போயி பாத்தப்போ கம்பியாண்ட நின்னு கேட்டேன். 'செஞ்சியாய்யா நீ? என்னாண்ட மட்டும் சொல்லு'ன்னேன். 'பாப்பா அயுதுச்சி கன்னி'ன்னான். அவ்ளதான். எப்ப போயி கேட்டாலும் அத்தயேதான் சொன்னான். சாவறவரிக்கும் அதான்."

அவள் பலகையை நிமிர்த்தி வைத்தாள்.

"கோர்ட்ல சொன்னது வேற. என்னாண்ட செய்யலன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேன். செஞ்சேன்னு சொல்லியிருந்தாகூட மனச கல்லாக்கிகினு கெடந்திருப்பேன். ரெண்டுமில்லாம பூட்டான். இதுல நீ இன்னாத்த காட்டுவ?"

"அந்த இன்ஸ்பெக்டர் செஞ்சதையாவது காட்டறேன்மா. அது நிஜம்தானே?"

அவள் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் தலையைச் சாய்த்துக் காட்டினாள். "கூடையில கெடந்தது அதுதான். அதுக்கு அப்பன் கடல்ல பூட்டான்னு சொல்லி வச்சிகீறேன். மாம்பலத்த உட்டு அண்ணனாண்ட வந்துட்டேன், இங்க வேற யாருக்கும் தெரியாது. காசிமேட்டுல மாப்ள பாத்துகீது. நீ பேர மாத்துவ. ரிச்சாவ மாத்துவியா? கோயில மாத்துவியா? டி.வி. கீற வூட்டு ஜன்னலாண்ட எம்மாம் ஜனம் நின்னுகினு பாக்குது! அதுல பழைய ஆளு ஒருத்தி இருந்தா போதும். அவன நல்லவன்னு போட்டாலும் கெட்டவன்னு போட்டாலும் எம்பொண்ணுக்கு ஒண்ணுதாமா. உட்டுடு."

கேட்டிருக்கக் கூடாதுதான், கேட்டுவிட்டேன். "அவரைப் பார்த்தா நீங்க கும்பிடறீங்களாமே?"

"கும்பிடாம? அவன் வர்றப்போ எம்பொண்ணு பக்கத்துல நிக்குது. அவன் வாயத் தொறந்தா இன்னா ஆவும்? அதான், நல்ல துண்டா பாத்து எட்த்து வெச்சி, கும்பிடும் போட்டு அனுப்பிக்கினு கீறேன்."

பெண் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். கன்னியம்மாள் உரத்த குரலில், "நாளைக்கி வாம்மா, சங்கரா நல்லதா வரும்" என்றாள்.

திரும்பி வரும்போது எண்ணிப் பார்த்தேன். இன்ஸ்பெக்டரிடம் ஒரு முடிவு இருந்தது, அவன்தான் செய்தான் என்று. என்னிடமும் ஒன்று இருந்தது, அவன் செய்யவில்லை என்று. அவனோடு குடித்தனம் செய்தவளிடம் எந்த முடிவும் இல்லை. அந்தக் கூடையை அங்கே வைத்த நிமிடத்திலேயே, உண்மையைத் தெரிந்துகொள்ளும் வழியும் அடைந்துபோயிற்று. நிரபராதியைத் தண்டித்தார்களா என்பது ஒரு கேள்வி. குற்றவாளியாகவே இருந்தாலும், அதை இனி யாராலும் சொல்ல முடியாதபடி செய்துவிட்டார்கள் என்பது அதைவிடப் பெரிது. அதுவரை அப்படி நான் யோசித்ததே கிடையாது. நிரபராதி என்று நான் முடிவுகட்டியதற்கும், யோசித்துப் பார்த்தால், அப்படி இருந்தால் கதை நன்றாக இருக்கும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

நேரே எங்கள் அதிகாரியின் அறைக்குப் போனேன். மோசமான மனிதர் இல்லை. பயந்த மனிதர்.

"இந்த நாடகம் போக வேண்டாம் சார்."

"ஏன்? கையெழுத்தாகி வந்தாச்சே."

"அந்தக் குடும்பம் உயிரோட இருக்கு. பெண்ணுக்குக் கல்யாணம் ஆகப்போகுது. நம்மால அது கெடக் கூடாது." ஒத்திகையில் நடந்ததையும் சொன்னேன்.

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "ஸ்டெல்லா, அதை நீ நாடகத்துல வைக்கணும்னு கேட்டா..."

"கேட்கலை சார். வைக்கச் சொன்னாலும் இப்ப நான் வைக்க மாட்டேன்."

அவர் எதிர்பார்த்தது வேறு. சண்டைக்குத் தயாராக இருந்தவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப நாளைக்கு என்ன எடுக்கறது? இருக்கிறது ஒரே நாள். செட் போட்டாச்சு, ஆளுங்க வந்தாச்சு."

"அதே செட், அதே ஆளுங்க. வேற கதை. காலையில உங்க மேஜையில இருக்கும்."

"போலீசைப் பத்தித் தப்பா ஒரு வரி இருந்தாலும் நான் போட மாட்டேன்."

"இருக்காது சார்."

வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். புதுக் கதையில் விதவை கொலையாகவில்லை. அவளுடைய கடையில் ஒரு வைர அட்டிகை காணாமல் போகிறது. கணக்குப்பிள்ளைமேல் சந்தேகம். வருஷக்கணக்காகக் கூட இருந்தவர். ஊர் வேறு, ரிக்‌ஷா கிடையாது, கோயில் கிடையாது, குழந்தை கிடையாது. போலீஸ் அதிகாரி பொறுமையாக விசாரிக்கிறார். கணக்குப்பிள்ளை வாயே திறப்பதில்லை. ஆதாரம் போதவில்லை, அதிகாரி அவரை அனுப்பிவிடுகிறார். மறுநாள் காலை அவர் வழக்கம்போலக் கடைக்கு வருகிறார். விதவை கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். அவ்வளவுதான். புதிய வசனங்களை ஒரே காலையில் மனப்பாடம் செய்ய வேண்டிய நடிகர்களுக்கு, முக்கியப் பாத்திரம் ஊமையாக இருந்ததே பெரிய ஒத்தாசை.

காலையில் எங்கள் அதிகாரி படித்தார். "யார் எடுத்தது?" என்றார்.

"தெரியாது சார்."

"நாடகத்துக்கு முடிவு வேண்டாமா?"

"இதுதான் முடிவு."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். தன் பொறுப்பில், மேலே அனுப்பாமல் போட்டார். பயந்த மனிதர் என்று சொன்னேனே, அவர் செய்த காரியம் இது.

ஸ்டூடியோவில் கணக்குப்பிள்ளை வேஷம் போட்டுக்கொண்டே வரதன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "எனக்காவது சொல்லுங்கோ மேடம். இவன் எடுத்தானா, இல்லையா?"

"எனக்கே தெரியாது வரதன்."

"தெரியாமலேயா எழுதினேள்?" என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முந்தின நாள் ஒத்திகையிலிருந்து நான் எங்கே போயிருப்பேன் என்று ஊகித்திருக்க வேண்டும். மேற்கொண்டு கேட்கவில்லை. "சரி. நானும் தெரியாமலே பண்றேன்" என்றார்.

அன்று அவர் உட்கார்ந்திருந்த விதத்தை இன்றைக்கும் என்னால் விவரிக்க முடியவில்லை. கேள்விக்குமேல் கேள்வி வருகிறது. அவர் தரையில் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். குற்றம் செய்தவன் என்று நினைத்துப் பார்த்தால் அப்படித் தெரிந்தது. செய்யாதவன் என்று நினைத்தால் அப்படியும் தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் முறுக்குப் பொட்டலத்தோடு வந்து பின்னால் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் நடைவழியில் என்னை நிறுத்தினார்.

"இது என் கேஸ் இல்லையேம்மா."

"இல்லை சார். மாத்த வேண்டியதாயிடுச்சு."

"வாயத் தொறக்கலேன்னா விட்டுடறதா? அப்படி விட்டா ஊரு என்னத்துக்கு ஆகும்?"

 பட்டினப்பாக்கம் போனதை அவரிடம் சொன்னால், அடுத்த முறை மீன் வாங்கப் போகும்போது அவர் அங்கே என்ன கேட்பார் என்று தெரியாது. சொல்ல எவ்வளவோ இருந்தது.  அந்த இடத்தில் நாலு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அதன் பலனை அனுபவிக்கப் போவது வேறு ஒருத்தி. தொழிலில் நான் எடுத்த முடிவுகளிலேயே கஷ்டமானது அப்போது வாயை மூடிக்கொண்டதுதான்.

"நான் அந்தக் குழந்தை மேல விரலைக்கூட வைக்கலை ஸ்டெல்லா" என்றார். நான் ஒன்றும் கேட்காதபோதே சொன்னார். பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஒத்திகைக்கு வரவில்லை.

நாடகம் ஒளிபரப்பானது. பார்த்தவர்களுக்கு ஆத்திரம். முடிவைச் சொல்லாமல் ஏமாற்றிவிட்டார்கள் என்று நிலையத்துக்கு வந்து சத்தம் போட்டவர்கள்கூட உண்டு. மேலிடத்தில் எங்கள் அதிகாரியைக் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். துப்பறியும் நாடகத்தை நிறுத்திவைத்து, என்னை விவசாய நிகழ்ச்சிக்கு மாற்றினார்கள். ஒரு பருவம் முழுக்க நெற்பயிர் நோய்களைப் பற்றி எழுதினேன். அப்புறம் ஆட்சி மாறியது, நாடகமும் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு நான் எழுதிய எந்த நாடகத்திலும் யாரும் ஒத்துக்கொள்வதை வைத்துக் குற்றத்தை நிரூபித்ததில்லை. ஆதாரம் கிடைத்தால் உண்டு, கிடைக்காவிட்டால் இல்லை. எழுதுவது இரண்டு மடங்கு சிரமம். வரதன் மட்டும் ஒவ்வொரு தடவையும் முதல் பக்கத்திலிருந்தே கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவார்.

கன்னியம்மாளின் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது. மாலையும் சாமான்களுமாக அவர்கள் லஸ் பக்கம் போய்க்கொண்டிருந்ததை ஒரு நாள் பார்த்தேன். கன்னியம்மாளும் என்னைப் பார்த்தாள். பார்க்காதவள்போல் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டாள். எனக்கும் அவளுக்கும் அதுதான் நல்லது. பிறகு கடையை எடுத்துவிட்டு மகளோடு காசிமேட்டுக்கே போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

எழுபதுகள் முடியும் சமயம் இன்ஸ்பெக்டரின் மனைவி ஆள் அனுப்பினார். பக்கவாதம் வந்து படுத்திருக்கிறார், என்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார் என்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து போனேன். ஜன்னலோரம் கட்டில். வலது கை போர்வைமேல் கிடந்தது. பேச்சு குழறியது, ஆனால் புரிந்தது.

"அவளைப் போய்ப் பாத்தே, இல்ல? அன்னிக்கே எனக்குத் தெரியும்."

இனி மறைப்பதால் யாருக்கும் பயன் இல்லை. "பார்த்தேன் சார்."

"இப்ப கடை அங்க இல்ல. நானே போய்ப் பாத்தேன், படுக்கறதுக்கு முன்னால." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அவ என்ன சொன்னா? அவன்தானே செஞ்சான்?"

எத்தனையோ பேர் அவரைப் பற்றி என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த வழக்கை அவரே சொல்லும்போது ஒரு வார்த்தை தடுமாறியது கிடையாது. இப்போது கண் இமைக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சாகப்போகிற மனிதர்தானே என்றும் தோன்றியது. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அதே கேள்வியைக் கேட்டவள் நினைவுக்கு வந்தாள். அவளுக்குக் கிடைக்காத பதிலை இவருக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"அவங்களுக்கும் தெரியாது சார். ஜெயில்ல கேட்டுக்கிட்டே இருந்திருக்காங்க. குழந்தை அழுததுன்னு மட்டும்தான் அவர் சொன்னாராம்."

அவருடைய வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அழுகிறாரா, நோயா என்று எனக்குப் புரியவில்லை.

"அப்ப யாருக்குத்தாம்மா தெரியும்?" என்றார்.

அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். அவரால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. குடித்து முடிக்கும்வரை நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.